நிறுவத் தெரிந்தவர் நீக்கவும் தெரிய வேண்டும்

பத்து நெல் ரகங்களை ஒரே பருவத்தில் ஒரே வயலில் பயிரிட்டு, அவற்றுள் எது உண்மையாகவே கூடுதல் விளைச்சல் தருகிறது என்று ஆராய்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு பாத்தியில் ஒரு ரகம் சற்று அதிகமாக விளைந்துவிட்டது என்பதனால் மட்டும் அதை உயர்ந்த ரகம் என்று முடிவுகட்டிவிட முடியாது. அந்தப் பாத்தியின் மண் வளமாக இருந்திருக்கலாம். அங்கே நீர் நன்றாகப் பாய்ந்திருக்கலாம். ஆகவே ஒவ்வொரு ரகத்தையும் பல பாத்திகளில், சீட்டுக் குலுக்கிப் போட்டாற்போல் இடம் மாற்றிப் பயிரிட்டு, கிடைத்த எடைகளைப் புள்ளியியல் முறைப்படி பகுத்துப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் இந்தக் கணக்கைக் கைப்பிடி சுற்றும் கணக்குப் பொறியில் நாள் கணக்கில் போட்டார்கள். இன்று கணிப்பொறி சில நொடிகளில் போட்டுத் தருகிறது.

ஆனால் கணிப்பொறி இருந்தால் மட்டும் போதாது. குறிப்பிட்ட கணக்கைப் போடும் மென்பொருள் அதில் இடம் பெற்றிருக்க வேண்டும். புள்ளியியலை நன்கு கற்ற மாணவர் பலர், கணக்கில் தடுக்கி விழுவதில்லை. மென்பொருளை நிறுவும் இந்த வாசற்படியில்தான் தடுக்கி விழுகிறார்கள். நிறுவியதை நீக்கும்போது நேரும் இடர் இன்னும் பெரிது. தேவையற்றது என்று எண்ணி ஒன்றை நீக்கிவிட, அதை நம்பியிருந்த வேறொன்று மறுநாள் இயங்க மறுக்கும். நேற்று வந்த விடை இன்று வராமலும் போகலாம். இவை ஏன் நிகழ்கின்றன, எவ்வாறு தவிர்ப்பது என்பதை ‘ஆர்’ என்னும் புள்ளியியல் மொழியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே காண்போம்.

ஆர் பிறந்த கதை

1976-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் சேம்பர்ஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் புள்ளியியலுக்கென்றே ஒரு கணிப்பொறி மொழியை உருவாக்கத் தொடங்கினார்கள். அதற்கு ‘எஸ்’ என்று ஓர் எழுத்திலேயே பெயர் வைத்தார்கள். பின்னர் 1990-களின் தொடக்கத்தில், நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் எஸ் மொழியைப் பின்பற்றிப் புதிய மொழி ஒன்றை அமைத்தார்கள். இருவர் பெயருக்கும் முதலெழுத்து ஒன்றே. ஆங்கில நெடுங்கணக்கில் எஸ் எழுத்துக்கு முன்னே நிற்பதும் அதுவே. ஆகவே ‘ஆர்’ என்ற பெயர் பொருத்தமாக அமைந்தது.

1995-ஆம் ஆண்டில் ஆர் மொழியை யாவரும் விலையின்றிப் பெறலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்ற உரிமத்துடன் வெளியிட்டார்கள். 1997-இல் ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் கர்ட் ஹோர்னிக், ஃப்ரீட்ரிக் லைஷ் ஆகியோர், ஆர் மொழிக்கு உலகெங்கும் உள்ளவர்கள் எழுதித் தரும் தொகுப்புகளைச் சேர்த்து வைக்க ஒரு பொதுக் களஞ்சியத்தை ஏற்படுத்தினார்கள். ‘கிரான்’ என்று அதைச் சுருக்கமாக அழைக்கிறார்கள். ஒரு டஜன் தொகுப்புகளுடன் தொடங்கிய அந்தக் களஞ்சியத்தில் இன்று 20,000-க்கும் மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன. பல நாடுகளில் அதன் நகல்கள் வைக்கப்பட்டிருப்பதால், நமக்கு அருகிலுள்ள நகலிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

தொகுப்பு என்பது யாது?

ஆர் மொழியில் வழங்கும் சொற்களே இதற்கு விடை சொல்லிவிடுகின்றன. தொகுப்பு என்பது ஒரு புத்தகம். அது வைக்கப்படும் இடத்திற்கு ‘லைப்ரரி’, அதாவது நூலகம் என்று பெயர். நூலகத்தில் புத்தகம் இருந்தால் மட்டும் அதிலுள்ள செய்தி நமக்குத் தெரிந்துவிடாது. எடுத்து வந்து விரித்து வைத்தால்தான் படிக்கலாம். அதுபோலவே தொகுப்பைக் கணிப்பொறியில் நிறுவுவது வேறு. வேலை செய்யும் வேளையில் அதைத் திறந்துகொள்வது வேறு. நிறுவுவது ஒருமுறை. திறப்பது ஆர் மொழியைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும். புதிதாகக் கற்போர் பலர் தொகுப்பைத் திறக்க மறந்துவிட்டு, அது காணாமற்போய்விட்டது என்று எண்ணி மறுபடியும் மறுபடியும் நிறுவிக்கொண்டிருப்பார்கள்.

நிறுவப்பட்ட தொகுப்பு என்பது, கணிப்பொறியின் சேமிப்புத் தட்டில் உள்ள ஒரு கோப்புறைதான். கணக்குப் போடும் நிரல்கள், உதவிக் குறிப்புகள், சில வேளைகளில் மாதிரிப் புள்ளிவிவரங்கள் ஆகியவை அதனுள் இருக்கும். இவற்றுடன் ‘டிஸ்கிரிப்ஷன்’ என்ற பெயரில் ஒரு சிறு கோப்பும் இருக்கும். தொகுப்பின் பெயர், பதிப்பு எண், ஆசிரியர் பெயர், அது வேலை செய்ய வேறு எந்தெந்தத் தொகுப்புகள் தேவை என்ற பட்டியல் ஆகிய அனைத்தும் அதில் எழுதப்பட்டிருக்கும். தொகுப்பின் ஜாதகம் அது என்று கூறலாம்.

ஆர் மொழியை நிறுவும்போதே அடிப்படைத் தொகுப்புகள் பதினான்கும், பரிந்துரைக்கப்பட்டவை பதினைந்தும் கூடவே வந்துவிடும். மற்றவற்றை நாம்தான் கொண்டுவர வேண்டும். நம் நெல் ஆராய்ச்சிக்குப் பயன்படும் தொகுப்பு ஒன்று ‘அக்ரிகோலே’ என்ற பெயரில் உள்ளது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் லா மொலினா வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெலிப்பே டி மெண்டிபுரு என்பவர் எழுதியது. பாத்திகளுக்கு ரகங்களைக் குலுக்கிப் பங்கிடுவது முதல், விளைச்சல் சராசரிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவது வரை பல வேலைகளை அது செய்யும்.

கட்டளை வரி எதற்கு?

சுட்டியால் பொத்தானை அழுத்தி நிறுவும் வசதி இருக்கும்போது, கறுப்புத் திரையில் எழுத்துகளை அடித்து ஏன் துன்பப்பட வேண்டும் என்று வாசகர்கள் வினவலாம். மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, பெரிய கணக்குகள் ஓடும் கணிப்பொறிகள் பெரும்பாலும் வேறோர் ஊரில் இருக்கும். அவற்றுடன் எழுத்து வழியாகத்தான் பேச முடியும். இரண்டாவது, கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முப்பது கணிப்பொறிகள் இருந்தால் முப்பதிலும் பொத்தானை அழுத்திக்கொண்டிராமல், ஒரே கட்டளையை எழுதிவைத்து எல்லாவற்றிலும் ஓட்டலாம். மூன்றாவதே முதன்மையானது: எழுதிய கட்டளை எழுத்தாகவே நிற்கும். எதை, எப்போது, எங்கே நிறுவினோம் என்பதற்குச் சான்று கையில் இருக்கும். பொத்தானை அழுத்தியதற்கு எந்தச் சான்றும் இல்லை.

கட்டளைகளை இக்கட்டுரையில் ஒலிப்படி தமிழில் தருகிறோம். கணிப்பொறியில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே அடிக்க வேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஆர் மொழிக்கு வெவ்வேறானவை என்பதையும் மறக்கக்கூடாது.

நிறுவும் இரு வழிகள்

முதல் வழி, ஆர் மொழிக்குள் இருக்கும் ‘இன்ஸ்டால் டாட் பேக்கேஜஸ்’ என்ற கட்டளை. அடைப்புக்குறிக்குள் தொகுப்பின் பெயரை மேற்கோள் குறியிட்டு எழுதினால், ஆர் தானே களஞ்சியத்திற்குச் சென்று தொகுப்பைக் கொண்டுவரும். ஆர் மொழிக்குள் நுழையாமல் வெளியிலிருந்தே இதைச் செய்ய ‘ஆர்ஸ்கிரிப்ட்’ என்ற துணைக் கட்டளை உண்டு. அதற்குப் பின் ஒரு சிறு கோடும் ‘இ’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தும் இட்டு, மேற்கண்ட கட்டளையை மேற்கோள் குறிகளுக்குள் எழுத வேண்டும். இவ்வாறு செய்யும்போது எந்தக் களஞ்சியத்திலிருந்து எடுப்பது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். நேருக்கு நேர் இயக்கும்போது ஆர் நம்மிடம் கேட்டுக்கொள்ளும். வெளியிலிருந்து ஏவும்போது கேட்க ஆளில்லை என்று நின்றுவிடும்.

இரண்டாவது வழி, ‘ஆர் சி-எம்-டி இன்ஸ்டால்’ என்பது. மூன்று சொற்களையும் இடைவெளி விட்டுப் பெரிய எழுத்துகளில் அடித்து, நாம் முன்பே இறக்கி வைத்திருக்கும் தொகுப்புக் கோப்பின் பெயரை அடுத்து எழுத வேண்டும். இணைய வசதி இல்லாத கணிப்பொறிக்கு வேறொன்றிலிருந்து கோப்பைக் கொண்டுவந்து நிறுவவும், பழைய பதிப்பு ஒன்றை நிறுவவும் இவ்வழி உதவும்.

இரு வழிகளுக்கும் இடையே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அக்ரிகோலே தொகுப்புக்கு ‘ஆல்ஜ்டிசைன்’ என்ற வேறொரு தொகுப்பின் துணை தேவை. முதல் வழியில் சென்றால், ஆர் அக்ரிகோலேயின் ஜாதகத்தைப் படித்து, ஆல்ஜ்டிசைனையும் கேட்காமலே கொண்டுவந்து முதலில் நிறுவிவிடும். இரண்டாவது வழியில் அந்தப் பரிவு கிடையாது. ஆல்ஜ்டிசைன் இல்லை, ஆகவே அக்ரிகோலேயை நிறுவ இயலாது என்று பிழை காட்டி நின்றுவிடும். தேவையானவற்றை ஒவ்வொன்றாகத் தேடிக் கொண்டுவருவது நம் பொறுப்பு. மாவு வாங்கிவரச் சொன்னால் உப்பும் தீர்ந்திருப்பதைப் பார்த்துச் சேர்த்து வாங்கிவரும் பிள்ளை ஒருவகை. சொன்னதை மட்டும் செய்யும் பிள்ளை ஒருவகை.

அரிசியும் சோறும்

தொகுப்புகள் இரண்டு வடிவங்களில் கிடைக்கின்றன. ஒன்று மூல வடிவம். ஆசிரியர் எழுதிய நிரல் அப்படியே இருக்கும். மற்றொன்று ஆயத்த வடிவம். கணிப்பொறி உடனே இயக்கும்படி மாற்றி வைக்கப்பட்டிருக்கும். முன்னதை அரிசி என்றும் பின்னதைச் சோறு என்றும் கொள்ளலாம். விண்டோஸ், மேக் கணிப்பொறிகளுக்குக் களஞ்சியம் பெரும்பாலும் சோற்றையே பரிமாறுகிறது. லினக்ஸ் கணிப்பொறிகளுக்கு அங்கிருந்து பொதுவாக அரிசிதான் வரும்.

அரிசியைச் சமைக்க அடுப்பு வேண்டுமல்லவா? ஆர் மொழியிலேயே முழுவதும் எழுதப்பட்ட தொகுப்புக்குப் பெரிதாக எதுவும் தேவையில்லை. ஆனால் வேகத்திற்காகச் சில தொகுப்புகளின் பகுதிகளை சி, சி++, ஃபோர்ட்ரான் போன்ற மொழிகளில் எழுதியிருப்பார்கள். அவற்றைப் பொறியின் மொழிக்கு மாற்றக் கம்பைலர் என்னும் மென்பொருள் நம் கணிப்பொறியில் இருக்க வேண்டும். விண்டோஸில் இதற்காக ‘ஆர்டூல்ஸ்’ என்ற கருவித் தொகுதி தனியே கிடைக்கிறது.

கம்பைலர் இல்லாமலோ வேறு துணைப்பொருள் இல்லாமலோ நிறுவல் தோல்வியுறும்போது, திரையில் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடி, இறுதியில் ‘வெளியேறு நிலை பூச்சியம் அல்ல’ என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை தோன்றும். இந்தக் கடைசி வரியை மட்டும் படித்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதில் பயனில்லை. அது ‘நோயாளி இறந்தார்’ என்று சொல்லும் சான்றிதழைப் போன்றது. நோய் இன்னதென்று அதில் இராது. மேலே நகர்ந்து, ‘எர்ரர்’ என்ற சொல் முதன்முதலில் எங்கே வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே இல்லாத பொருளின் பெயர் எழுதப்பட்டிருக்கும்.

இன்ஸ்டால் டாட் பேக்கேஜஸ் கட்டளை தோல்வியுற்றாலும் எச்சரிக்கை மட்டுமே தரும், வேலையை நிறுத்தாது. ஆகவே பல தொகுப்புகளை வரிசையாக நிறுவும்படி எழுதி வைத்துவிட்டுப் போனவர், எல்லாம் முடிந்தது என்று நம்பிவிடக்கூடாது. ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

எந்த நூலகத்தில் போய் அமர்கிறது?

நீக்கும்போது தொல்லைப்படாமல் இருக்க வேண்டுமானால், நிறுவும்போதே இந்தக் கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். ஒரே கணிப்பொறியில் ஒன்றுக்கு மேற்பட்ட நூலகங்கள் இருக்கலாம். ஒன்று கணிப்பொறியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும் பொதுவானது. மற்றொன்று தனி ஒருவருடைய சொந்த நூலகம். ஆர் மொழிக்குள் ‘லிப் பாத்ஸ்’ என்ற கட்டளையை, முன்னால் ஒரு புள்ளியுடன் அடித்தால் இந்த நூலகங்களின் இருப்பிடங்களை வரிசைப்படி காட்டும். ஆர் ஒரு தொகுப்பைத் தேடும்போது இதே வரிசையில்தான் தேடும். முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும்.

பொது நூலகத்தில் எழுதப் பொதுவாகக் கணிப்பொறியின் நிர்வாகிக்கே உரிமை உண்டு. நமக்கு உரிமை இல்லை என்றால், சொந்த நூலகம் ஒன்றை ஏற்படுத்தலாமா என்று ஆர் கேட்கும். ஆம் என்று சொல்லிவிடுவதே நல்லது. அனுமதி மறுக்கப்பட்டதும் நிர்வாகியின் அதிகாரத்தைக் கடன் வாங்கி அதே கட்டளையை மீண்டும் ஓட்டுவது சிலரின் பழக்கம். அவ்வாறு செய்தால் பொது நூலகத்தில் உள்ள பதிப்பு மாறிவிடும். அடுத்த மேசையில் ஆய்வேட்டின் இறுதிக் கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பவர், தாம் எதையும் தொடாமலே வேறு பதிப்பில் வேலை செய்யத் தொடங்கிவிடுவார். ஊர்க் கிணற்றில் மருந்து கலக்குமுன் ஊராரைக் கேட்க வேண்டும்.

குறிப்பிட்ட இடத்தில்தான் நிறுவ வேண்டும் என்றால், ஆர் சி-எம்-டி இன்ஸ்டால் கட்டளைக்குப் பின் ஒரு சிறு கோடும் ‘எல்’ என்ற சிற்றெழுத்தும் இட்டு, இடத்தின் பெயரை எழுதலாம். நீக்கும் கட்டளைக்கும் இதே குறி பொருந்தும்.

நிறுவல் நடுவே நின்றுபோனால்

மின்சாரம் போய்விட்டது, அல்லது நாமே பொறுமையிழந்து நிறுத்திவிட்டோம். அப்போது என்ன ஆகும்? ஒரு தொகுப்பை நிறுவத் தொடங்கும்போது, ஆர் அந்த நூலகத்தில் ‘பூச்சியம் பூச்சியம் லாக்’ என்று தொடங்கும் பெயரில் ஒரு பூட்டுக் கோப்புறையை ஏற்படுத்திக்கொள்கிறது. ஒரே நேரத்தில் இருவர் ஒரே இடத்தில் எழுதிக் குழப்பாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. ஏற்கனவே இருந்த பழைய பதிப்பும் அதனுள் பத்திரமாக வைக்கப்படும். நிறுவல் பிழையுற்றால் பழையதை எடுத்து அதன் இடத்தில் மீண்டும் வைத்துவிட்டு, பூட்டையும் அகற்றிவிடும். எனவே பிழை வந்ததால் முன்பு இருந்ததும் போய்விடுமோ என்று பொதுவாக அஞ்ச வேண்டியதில்லை.

ஆனால் மின்சாரம் திடீரென்று நின்றால் பூட்டை அகற்ற ஆர் உயிருடன் இராது. பூட்டு அப்படியே கிடக்கும். அடுத்த முறை நிறுவ முயன்றால், இடத்தைப் பூட்ட இயலவில்லை என்று கூறி மறுக்கும். வேறு யாரும் அப்போது நிறுவிக்கொண்டிருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு, அந்தக் கோப்புறையை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவினால் சரியாகிவிடும்.

நீக்குதல்

இனி நீக்குதலுக்கு வருவோம். வெளியிலிருந்து ‘ஆர் சி-எம்-டி ரிமூவ்’ என்று அடித்துத் தொகுப்பின் பெயரை எழுதினால் போதும். ஆர் மொழிக்குள் இருந்தால் ‘ரிமூவ் டாட் பேக்கேஜஸ்’ என்ற கட்டளை. இரண்டும் செய்வது ஒன்றே: நூலகத்திலிருந்து அந்தக் கோப்புறையை அழித்துவிடும். உறுதிதானா என்று கேட்காது. அழித்ததைத் திரும்பத் தரும் குப்பைக்கூடையும் இல்லை.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆல்ஜ்டிசைன் என்ற பெயரை நூலகத்தில் காணும் மாணவர், ‘இதை நான் நிறுவவே இல்லையே, எங்கிருந்து வந்தது?’ என்று எண்ணி நீக்கிவிடுகிறார் என்று கொள்வோம். உண்மையில் அது அக்ரிகோலேயுடன் துணையாக வந்தது. நீக்கும் கட்டளை, இதை நம்பி வேறு யாராவது இருக்கிறார்களா என்று விசாரிக்காது. அன்று எல்லாம் அமைதியாகவே இருக்கும். மறுநாள் அக்ரிகோலேயைத் திறக்க முயலும்போது, ஆல்ஜ்டிசைன் என்ற தொகுப்பு இல்லை என்று பிழை வரும். குற்றம் செய்தது ஒன்று. தண்டனை பெற்று நிற்பது வேறொன்று. அதனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது கடினமாகிறது.

இதைத் தவிர்க்க வழி உண்டு. ஆர் மொழியுடன் வரும் ‘டூல்ஸ்’ என்ற தொகுப்பில் ‘டிபெண்ட்ஸ் ஆன் பி-கே-ஜி-எஸ்’ என்ற கட்டளை இருக்கிறது. ஒரு தொகுப்பின் பெயரைக் கொடுத்தால், நம் கணிப்பொறியில் அதை நம்பியிருக்கும் தொகுப்புகளின் பட்டியலைத் தரும். நீக்குமுன் இதை ஓட்டிப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது.

தலைகீழான நிலையும் உண்டு. அக்ரிகோலேயை நீக்கினால், அதற்காக வந்த ஆல்ஜ்டிசைன் தானாகப் போய்விடாது. விருந்தினர் போன பின்பும் அவருடன் வந்தவர் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் போல அது இருந்துகொண்டே இருக்கும். இடத்தை அடைப்பதைத் தவிரத் தீங்கு ஏதும் செய்யாது. ஐயம் இருந்தால் விட்டுவிடுவதே மேல்.

நீக்கிய பின்பும் தொகுப்பு திறக்கிறது என்று சிலர் வியப்பார்கள். ஒரே தொகுப்பின் இரண்டு படிகள் இரண்டு நூலகங்களில் இருப்பதே இதற்குக் காரணம். இடம் குறிப்பிடாவிட்டால் நீக்கும் கட்டளை வரிசையில் முதலில் உள்ள நூலகத்தில் மட்டுமே கை வைக்கும். அங்கிருந்த புதிய பதிப்பு போனதும், பின்னால் மறைந்திருந்த பழைய பதிப்பு வெளியே வரும். இது பிழைச் செய்தி தராத ஆபத்து. ஆகவே நீக்கிய பின் ‘பேக்கேஜ் வெர்ஷன்’ என்ற கட்டளையால் எஞ்சியிருப்பது எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

வைத்த கையே எடுக்க வேண்டும்

டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் மூன்றாவது வழியொன்றும் உண்டு. அவற்றின் சொந்த மென்பொருள் மேலாளராகிய ‘ஆப்ட்’ கட்டளையைக் கொண்டும் ஆர் தொகுப்புகளை ஆயத்த வடிவில் நிறுவலாம். அவற்றின் பெயர்கள் ‘ஆர்-கிரான்’ என்று தொடங்கும். ஆப்ட் தான் நிறுவியவற்றுக்கெல்லாம் ஒரு பேரேடு வைத்திருக்கிறது. ஒன்றை நீக்கச் சொன்னால், அதை நம்பியிருப்பவை எவை, அவையும் நீங்கும் என்று பட்டியலிட்டு நம் சம்மதம் கேட்கும்.

இப்படி ஆப்ட் வைத்த தொகுப்பை ஆர் கட்டளையால் நீக்கினால், கோப்புறை அழிந்துவிடும்; ஆனால் ஆப்ட்டின் பேரேட்டில் அது இருப்பதாகவே எழுதியிருக்கும். பிறகு மீண்டும் நிறுவச் சொன்னால், ‘அதுதான் ஏற்கனவே இருக்கிறதே’ என்று சும்மா இருந்துவிடும். எந்த வழியில் வைத்தோமோ அந்த வழியிலேயே எடுக்க வேண்டும் என்பதே இதற்குரிய விதி.

பதிப்பு மாறினால் விடையும் மாறலாம்

இதுவரை கூறியவை இயங்குவதும் இயங்காததும் பற்றியவை. இயங்கிக்கொண்டே வேறு விடை தருவது இவற்றினும் நுட்பமானது. நம் பத்து நெல் ரகங்களுக்கு 1 முதல் 10 வரை எண்ணிட்டு, பத்துப் பாத்திகளுக்கு அவற்றைக் குலுக்கிப் போடுவோம். ஆர் மொழியில் ‘செட் டாட் சீட்’ என்ற கட்டளையால் ஒரு விதை எண்ணைக் கொடுத்துவிட்டு, ‘சாம்பிள்’ என்ற கட்டளையால் குலுக்கலாம். ஒரே விதை எண்ணைக் கொடுத்தால் எத்தனை முறை குலுக்கினாலும் ஒரே வரிசை வரும். அதனால் வரிசையை எழுதி வைக்காமல் விதை எண்ணை மட்டும் குறித்து வைப்போரும் உண்டு.

2019-ஆம் ஆண்டில் வெளியான ஆர் 3.6.0 பதிப்பில், குலுக்கும் முறையில் இருந்த ஒரு சிறு ஒருதலைச் சாய்வை நீக்குவதற்காக அம்முறையை மாற்றினார்கள். மாற்றம் நன்மைக்கே. ஆயினும் அதன் விளைவைப் பாருங்கள். விதை எண் 1 கொடுத்துப் பத்து எண்களைக் குலுக்கினால், முந்தைய பதிப்பில் 3, 4, 5, 7, 2, 8, 9, 6, 10, 1 என்று வரும். புதிய பதிப்பில் 9, 4, 7, 1, 2, 5, 3, 10, 6, 8 என்று வரும். பழைய பதிப்பில் பங்கிட்டு நாற்று நட்டவர், வயல் வரைபடத்தைத் தொலைத்துவிட்டு, அறுவடையின்போது புதிய பதிப்பில் விதை எண்ணைக் கொடுத்துப் பார்த்தால் என்ன ஆகும்? முதல் பாத்தியில் நின்றது மூன்றாம் ரகம். கணிப்பொறி ஒன்பதாம் ரகம் என்கிறது. ஒரு பருவத்தின் உழைப்பு முழுவதும் தவறான பெயரில் பதிவாகிவிடும். பிழைச் செய்தி ஒன்றும் வராது. பழைய முறையிலேயே குலுக்கும்படி கேட்கும் வசதியையும் ஆர் வைத்திருக்கிறது. ஆனால் எந்தப் பதிப்பில் குலுக்கினோம் என்பது குறிப்பில் இருந்தாலல்லவா அதைக் கேட்கத் தோன்றும்?

தொகுப்புகளுக்கு இடையிலும் இத்தகைய பிணக்கு ஏற்படும். ‘எல்.எம்.இ.4’ என்ற புகழ்பெற்ற தொகுப்பு, ‘மேட்ரிக்ஸ்’ என்ற தொகுப்பை நம்பி இயங்குகிறது. 2023-ஆம் ஆண்டின் இறுதியில் மேட்ரிக்ஸ் தொகுப்பின் உள்ளமைப்பு மாறியது. இரண்டில் ஒன்று மாற்றத்திற்கு முந்தியதாகவும் மற்றது பிந்தியதாகவும் அமைந்துவிட்ட கணிப்பொறிகளில், தேவையான உட்கட்டளை மேட்ரிக்ஸில் இல்லை என்று கூறிக் கணக்கு நின்றது. நிரலில் தவறில்லை, புள்ளிவிவரத்திலும் தவறில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தாத இரு பதிப்புகள் சேர்ந்துவிட்டன, அவ்வளவே. கணிப்பொறியில் உள்ள மேட்ரிக்ஸுக்குப் பொருந்தும்படி எல்.எம்.இ.4 தொகுப்பை மூல வடிவிலிருந்து மீண்டும் நிறுவியதும் சரியாயிற்று.

ஆர் மொழியையே புதிய பதிப்புக்கு மாற்றும்போது, உதாரணமாக 4.3-இலிருந்து 4.4-க்கு, சொந்த நூலகத்தில் இருந்தவை எல்லாம் மறைந்துவிட்டதைப் போலத் தோன்றும். சொந்த நூலகத்தின் முகவரியிலேயே பதிப்பு எண் இருப்பதுதான் காரணம். பழையவை பழைய கோப்புறையில் அப்படியே இருக்கும். அவற்றைப் படியெடுத்துப் புதிய இடத்தில் ஒட்டாமல், புதிதாக நிறுவிக்கொள்வதே முறை.

குறிப்பேடு

ஆய்வுக்கூடத்தில் வேதிப்பொருளின் பெயரையும் செறிவையும் குறித்து வைக்காமல் யாரும் சோதனை செய்வதில்லை. மென்பொருளுக்கும் அதே ஒழுங்கு வேண்டும். ஆர் மொழியில் ‘செஷன் இன்ஃபோ’ என்ற கட்டளையைக் கொடுத்தால், ஆர் பதிப்பு, திறந்திருக்கும் தொகுப்புகள், அவற்றின் பதிப்பு எண்கள் ஆகிய அனைத்தையும் ஒரே பக்கத்தில் தரும். கணக்கு முடிந்ததும் அதை விடையுடன் சேர்த்துச் சேமித்து வைக்கலாம். ஒவ்வோர் ஆய்வுக்கும் தனித்தனி நூலகம் அமைத்து, பதிப்புகளைத் தானே குறித்து வைக்கும் ‘ஆர்என்வ்’ என்ற தொகுப்பும் உண்டு. ஓர் ஆய்வுக்காக ஒன்றை மாற்றினால் மற்றோர் ஆய்வு பாதிக்கப்படாது.

பதிப்பு எண் தெரிந்தால் பழையதை எங்கே தேடுவது? கிரான் களஞ்சியம் பழைய பதிப்புகளைத் தூக்கி எறிவதில்லை. ஆவணக் காப்பகம் என்ற தனிப் பகுதியில் அவற்றை வைத்திருக்கிறது. அங்கிருந்து வேண்டிய பதிப்பை இறக்கி, மேலே கண்ட ஆர் சி-எம்-டி இன்ஸ்டால் கட்டளையால் தனி நூலகம் ஒன்றில் நிறுவலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் போட்ட கணக்கைச் சரிபார்க்க விரும்பும் வேறொருவருக்கு இந்த வசதி பேருதவியாகும்.

நிறுவுமுன் எந்த நூலகம் என்று பார்ப்பது, நீக்குமுன் யார் நம்பியிருக்கிறார் என்று கேட்பது, முடித்தபின் எந்தப் பதிப்பு என்று எழுதி வைப்பது. இம்மூன்றும் சேர்ந்து ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகாது. ஆய்வின் முடிவை நம்பி அடுத்த பருவத்திற்கு விதை வாங்கப் போகும் உழவருக்கு ஆர் என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் அவர் கைக்கு வரும் ரகத்தின் பெயர், வயலில் உண்மையிலேயே நன்றாக விளைந்த ரகத்தின் பெயராக இருக்க வேண்டும்.